தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் லாவெண்டர் வளருமா? மே வெயிலைத் தாங்கிய செடி நவம்பரில் ஏன் செத்துப்போகிறது?

வளரும். ஆனால் எந்த லாவெண்டர், எந்த மண் என்பதைப் பொறுத்தது. "தினமும் தண்ணீர் ஊற்றியும் மழைக்காலத்தில் வாடிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர்தான் செடியைக் கொன்றது.

லாவெண்டர் மத்தியதரைக் கடலோரத்துப் பாறைச் சரிவுகளில் முளைக்கிற செடி. அங்கே கோடையில் மழை மிகக் குறைவு. மழை பெய்வது குளிர்காலத்தில். நம் சென்னையில் ஆண்டுக்குப் பெய்கிற ஏறத்தாழ 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது, அப்போதும் ராத்திரிகள் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமிக்குக் கொண்டாட்டம். வேர் அழுகியதும் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் இலை தொங்கும். பார்க்கிறவருக்குத் தாகத்தில் வாடியது போலத்தான் தெரியும், இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார். அதோடு முடிந்தது. மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் ஊற்றுவதை உடனே நிறுத்திவிட்டுச் செடியை மெல்ல எடுத்து வேரைப் பாருங்கள். வெளிர் நிறமாக, கெட்டியாக இருந்தால் பிழைக்கும். பழுப்பேறி, விரலில் பிடித்து இழுத்தால் தோல் கழன்று வந்தால் தாய்ச்செடியை விட்டுவிட்டு, பச்சையாக இருக்கும் நுனிகளை வெட்டி மணலில் குத்தி வேர் விட வைப்பதுதான் மிச்சம்.

இனி ரகம். படங்களில் வயல் முழுக்க ஊதாவாகத் தெரிவது பெரும்பாலும் அங்குஸ்டிஃபோலியா என்ற ஆங்கில லாவெண்டர் அல்லது அதன் கலப்பினம். ஜம்முவில் தோடா மாவட்டத்துப் பதர்வாவில் விவசாயிகள் பயிரிடுவதும் ஆங்கில லாவெண்டர்தான். நன்றாகப் பூக்க அதற்குச் சில வாரங்களாவது நல்ல குளிர் வேண்டும். மார்கழிப் பனியெல்லாம் அதற்குக் குளிரே இல்லை. இங்கே பிழைத்தாலும் இலை மட்டும்தான் கிடைக்கும். ஆன்லைனில் வரும் விதைப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இந்த ரகத்தின் பெயர்தான் இருக்கும். அந்த விதையை ஈர மணலில் கலந்து 3 முதல் 4 வாரம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு 18–21 டிகிரியில் முளைக்க விட வேண்டும். அவ்வளவு பாடுபட்டு முளைத்ததும் நம் புழுக்கத்தில் நாற்று அடியோடு சாய்ந்துவிடும். விதையை மறந்துவிடுங்கள்.

சென்னைக்குப் பொருந்துபவை இரண்டு. டென்டாட்டா ரகத்தின் இலை ஓரம் குட்டி ரம்பம் போல வெட்டுப்பட்டிருக்கும். பூக்கக் குளிர் தேவையில்லை. வாசத்தில் கற்பூர நெடி கலந்திருக்கும். மல்டிஃபிடாவின் இலை கேரட் தழை போலப் பிரிந்திருக்கும், ஓயாமல் பூக்கும், ஆனால் கசக்கினால் லாவெண்டரைவிட ஓமவல்லிதான் நினைவுக்கு வரும். பூவின் உச்சியில் முயல் காது போல இதழ் நிற்கும் ஸ்டோகாஸ் ரகம் அழகு. ஆனால் அதற்குச் சுண்ணாம்பு ஆகாது, போர் தண்ணீர் ஊற்றுகிற வீட்டில் வேண்டாம். நர்சரியில் நீல சால்வியாவை லாவெண்டர் என்று கொடுத்துவிடுவதும் உண்டு. பூவைப் பார்த்து வாங்காதீர்கள், இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். பொங்கலை ஒட்டி வாங்கினால் வேர் பிடிக்க இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். ஆகஸ்டில் வாங்குவது நேராக மழைக்குள் அனுப்புவது போல.

மண்தான் முக்கியம். நர்சரி செடி பெரும்பாலும் கோகோபீட்டில், அதாவது தேங்காய் நார்த்தூளில் வரும். அப்படியே தொட்டிக்கு மாற்றினால் நடுவில் ஒரு ஈரப் பஞ்சு உட்கார்ந்துகொள்ளும். வெளிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு கோகோபீட்டையாவது விரலால் உதிர்த்துவிட்டு நடுங்கள். 12 அங்குல மண் தொட்டிக்கு நான் சொல்லும் கணக்கு: பருமணல் 5 பங்கு, செம்மண் 3 பங்கு, சுண்டல் அளவு உடைத்த செங்கல் 1 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் 1 பங்கு. ஆற்று மணல் கிடைக்காவிட்டால் கல்லை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் போதும். ஆனால் வாளியில் போட்டு, பால் போல வரும் கல்தூள் போகும்வரை மூன்று நான்கு தடவை அலச வேண்டும்; இல்லாவிட்டால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். காசிமேடு, திருவொற்றியூர் கடற்கரை மணலை அள்ளி வரும் ஆசை வேண்டாம், அதில் உப்பு.

தொட்டியின் அடியில் ஜல்லி பரப்பும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். நுண்ணிய மண்ணிலிருந்து ஜல்லிக்குள் தண்ணீர் சட்டென இறங்காது. மண்ணும் ஜல்லியும் சேரும் எல்லைக்கு மேலே தேங்கி நிற்கும், வேர் இருப்பதும் அங்கேதான். செங்கல் துண்டை மண் முழுக்கக் கலப்பது இதற்காகத்தான். ஓட்டையின் மேல் ஒரு துண்டு கொசுவலை போதும். நட்டபின் ஒரு லிட்டர் ஊற்றிப் பாருங்கள்: மேலே குளம் கட்டாமல், அரை நிமிடத்துக்குள் அடியில் சொட்ட ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் மணலைக் கூட்டுங்கள். பிளாஸ்டிக் தொட்டி, அடித்தட்டு இரண்டும் வேண்டாம். தொட்டியைத் தளத்தில் நேராக வைக்காமல் மூன்று செங்கல் மேல் வையுங்கள். அடியில் காற்று போகும், தளத்துச் சூடும் ஏறாது.

வடசென்னைத் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாளியில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பு டென்டாட்டாவை ஒன்றும் செய்யாது. நாக்கில் வைத்தால் கரிக்கிற போர் தண்ணீர்தான் ஆபத்து. இலை நுனி பழுப்பாகக் கருகுவது அதன் அடையாளம். மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைநீரோ ஊற்றுங்கள். ஆர்.ஓ. கழிவுநீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றுகிறோமே, அதில் உப்பு இன்னும் செறிவு, லாவெண்டருக்கு மட்டும் வேண்டாம். கடலோரத் தெருவாக இருந்தால் கோடையில் மாதம் ஒருமுறை, தொட்டியின் கொள்ளளவைப் போல இரு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பை வடியவிடுங்கள்.

கோடையில் இரண்டு அங்குல ஆழத்துக்கு விரல் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் காலை 7 மணிக்குள் தண்ணீர். மண் தொட்டிக்கு ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும். கத்திரியில் மட்டும் மதியத்துக்குப் பச்சை வலை நிழல் தேவை. மற்ற மாதங்களில் குறைந்தது 6 மணி நேர நேர் வெயில் வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலை மாதிரி லாரி ஓடும் சாலைப் பக்கம் என்றால் இலையின் பொடி ரோமத்தில் புழுதி அப்பிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் மட்டும், லேசாகத் தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள்.

செப்டம்பரில் நடுவில் அடர்ந்த கிளைகளைக் களைந்து காற்றுப் போக வழி செய்யுங்கள், மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல். இலையில்லாத கட்டைப் பகுதியில் வெட்டினால் அங்கே திரும்பத் துளிர்க்காது. முதல் பெரிய மழைக்கு முன்பே தொட்டியைச் சன்ஷேடுக்கு அடியில், வெளிச்சம் வரும் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அடைமழை வாரங்களில் ஒரு சொட்டும் ஊற்றத் தேவையில்லை. தொட்டியைத் தூக்கிக் கனம் பார்த்தால் கைக்கே தெரியும். நூறு சதவீதம் தப்பும் என்று சொல்ல மாட்டேன். அதனால் ஜனவரி, பிப்ரவரியில் பூக்காத நுனிகளை 8–10 செ.மீ. வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவி, வெறும் மணலில் நிழலில் குத்தி வையுங்கள். மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் விடும். வாரிசு கையில் இருக்க வேண்டும்.

உரம் ஆண்டுக்கு ஒரு பிடி தொழு உரம், அவ்வளவே. மீன் அமிலம், பஞ்சகவ்யம் என்று வாரா வாரம் கொடுத்தால் தழை நீண்டு தொங்கும், வாசம் குறையும். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் போதும்.

பயன்பாட்டுக்கு வருவோம். கதிரில் பாதிப் பூ விரிந்தபோது, பனி காய்ந்த காலையில் அறுங்கள். 20, 30 தண்டுகளை நூலுக்குப் பதில் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். தண்டு காய்ந்து சுருங்கும்போது நூல் நழுவிவிடும். இருட்டான, ஃபேன் ஓடும் அறையில் தலைகீழாக ஒன்றிரண்டு வாரம். தண்டு வளைந்தால் காயவில்லை, படக்கென ஒடிந்தால் காய்ந்தது. அரைகுறையாகக் காய்ந்ததை பாட்டிலில் போட்டால் கடல்காற்று ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பிடி உதிரிப் பூவைப் பருத்தித் துணியில் முடிந்து, பீரோவில் பாச்சை உருண்டைக்குப் பதிலாக வைக்கலாம். பட்டுப்புடவை மேல் நேராக வைக்காதீர்கள், எண்ணெய்க் கறை ஏறும். வாசம் மங்கினால் கசக்கிவிடுங்கள்.

டீக்கு டென்டாட்டா வேண்டாம், கற்பூர நெடி தாங்காது. சமையலுக்கென விற்கும் ஆங்கில லாவெண்டர் பூவை ஒரு கப்புக்கு அரை டீஸ்பூன், நான்கு நிமிடம். கூடினால் சோப்புத் தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும். பூனை, நாய் கடிக்காதபடி வையுங்கள், அவற்றுக்கு நல்லதல்ல. தொட்டியை ஜன்னலில் வைத்தால் கொசு போகும் என்பது விற்பவர் சொல்வது. கசக்காத செடியிலிருந்து அந்த அளவு எண்ணெய் காற்றில் வராது. நாலு தொட்டியில் எண்ணெய் வடிக்கும் யோசனையும் வேண்டாம், ஒரு கிலோ பூவுக்கே சில மில்லிதான் தேறும்.

வாசம் மட்டும்தான் குறி என்றால், திருநீற்றுப்பச்சிலை ஒரு தொட்டி வையுங்கள். லாவெண்டர் வாசத்துக்கு முக்கியக் காரணமான லினலூல் அதன் பல வகைகளிலும் உண்டு, நம் ஊர் வெக்கையும் அதற்குப் பழக்கம்.