பரணில் இருக்கும் மினிடெல்லும் வீராம்பட்டினத்து ஒலிபெருக்கியும்: பழைய கணினிகள் பற்றிய கேள்வி பதில்

பழைய கம்ப்யூட்டர், இன்டர்நெட் வந்த கதை, எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்திலிருந்து நிறைய வந்துவிட்டன. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். முப்பது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் கணினி பழுது பார்ப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆரம்பத்திலேயே ஒன்று. பரணில் கிடக்கும் பழைய 386, 486 பெட்டியை ஆசைக்கு ஒரு தடவை ஆன் செய்து பார்க்காதீர்கள். மதர்போர்டில் சின்னப் பீப்பாய் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது கசிந்து செம்புக் கோடுகளை அரித்திருக்கும். நம் ஊர் உப்புக்காற்றில் இன்னும் சீக்கிரம். முதலில் மூடியைத் திறந்து அந்தப் பேட்டரியை வெட்டி எடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கடலூர் முதுநகர், கல்லூரி மாணவர்: எந்தக் கம்பெனி கம்ப்யூட்டரைத் திறந்தாலும் உள்ளே ஒரே மாதிரி இருக்கிறதே, ஏன் சார்?

நல்ல கேள்வி தம்பி. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டது. சுமார் ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டிய அவசரம். அதனால் எல்லாவற்றையும் தானே செய்யாமல் வெளியில் வாங்கியது. பிராசஸர் இன்டெல்லின் 8088, கணினியை இயக்கும் டாஸ் மென்பொருள் மைக்ரோசாஃப்டினுடையது. பெட்டிக்குள் என்ன எங்கே இருக்கிறது என்பதைப் புத்தகமாகவே போட்டு விற்றது. கார்டு செய்பவர்களெல்லாம் அதைப் பார்த்துச் செய்தார்கள். ஐபிஎம்முக்கு மட்டும் சொந்தம் என்று மிஞ்சியது, ஆன் செய்ததும் முதலில் ஓடும் பயாஸ் என்ற சின்ன புரோகிராம்.

அதையும் காம்பேக் கம்பெனி 1982இல் புதிதாக எழுதிவிட்டது. ஐபிஎம் எழுதியதைப் படித்தவர்கள் கை வைத்தால் திருட்டு ஆகிவிடும். எனவே ஒரு குழு ‘இது என்ன செய்கிறது’ என்று மட்டும் குறித்துக் கொடுத்தது. மூலத்தைப் பார்க்காத இன்னொரு குழு அந்தக் குறிப்பை வைத்து எழுதியது. வழக்குக்கு இடமில்லாமல் போனது. அதன்பின் யார் வேண்டுமானாலும் பிசி செய்யலாம் என்றாகிவிட்டது.

தொண்ணூறுகளில் நாங்கள் விடியற்காலை பஸ் பிடித்துச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், போர்டு ஒரு கடை, ராம் ஒரு கடை, கேபினெட் ஒரு கடை என்று வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து அசெம்பிள் செய்தோமே, அந்தப் பிழைப்புக்கு வழி திறந்தது அந்தப் பயாஸ்தான். ஐபிஎம் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு வேலையே இல்லை.

லாசுப்பேட்டை: அறுபதாயிரத்துக்குள் நல்ல லேப்டாப் சொல்லுங்கள்.

அது என் துறை இல்லை. வாங்கிய நண்பர்களிடம் கேளுங்கள்.

வில்லியனூர்: அப்பா 1998இல் கோயில் வரலாறு ஒன்றைத் தமிழில் டைப் செய்து ஃபிளாப்பியில் வைத்திருந்தார். அப்பா இப்போது இல்லை. திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் குப்பையாக வருகிறது. அழிந்துவிட்டதா ஐயா?

அழியவில்லை அம்மா. திறந்து குப்பையாவது வருகிறது என்றால் அப்பா எழுதியது அப்படியே இருக்கிறது என்று பொருள்.

அந்தக் காலத்தில் தமிழுக்குக் கணினியில் தனி இடம் நடைமுறையில் இல்லை. எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோடு என்ற குறியீட்டில் 1991இலேயே இடம் ஒதுக்கிவிட்டார்கள், ஆனால் வீட்டுக் கணினிக்கு அது வந்து சேர விண்டோஸ் 2000 வரை ஆனது. அதுவரை ஆளுக்கு ஒரு ஃபாண்ட். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிடுவார்கள். ஃபாண்ட் இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. இதைச் சரிசெய்ய 1999இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடியது. அங்கேதான் டேப், டேம் குறியீடுகளும், இன்று நான் இதை அடிக்கும் தமிழ் 99 விசைப்பலகையும் முடிவாயின. இவை போதாதென்று டிஸ்கி என்று இன்னொரு குறியீடு, பாமினி என்று இன்னொரு ஃபாண்ட்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஃபிளாப்பியின் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்தி ஓட்டை தெரியும்படி வையுங்கள். இனி யாரும் தவறி எழுத முடியாது. உலோகத் தகட்டை மெல்ல விலக்கி உள்ளே தட்டைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளி இருந்தால் அது பூஞ்சை. டிரைவில் போடவே கூடாது, தட்டும் போகும், டிரைவின் ஹெட்டும் போகும். சுத்தமாக இருந்தால் யுஎஸ்பி ஃபிளாப்பி டிரைவில் போட்டு எல்லாவற்றையும் நகல் எடுங்கள். பிறகு அப்பாவின் பழைய அச்சுப் பிரதி ஏதாவது இருந்தால் எந்த ஃபாண்ட் என்று கண்டுபிடிக்கலாம். எழுத்துரு மாற்றியில் போட்டால் யுனிகோடு வந்துவிடும். பிரதி இல்லையா, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், ஐந்தாறுக்குள் அகப்பட்டுவிடும்.

பண்ருட்டி: என்னிடம் ஒரு பழைய பென்டியம் இருக்கிறது. என்ன விலை போகும்?

எடைக்குப் போகும். விற்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை: எங்கள் பெரியப்பா சொல்தா, பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர். 1985இல் பாரிஸ் வீட்டில் ஒரு சின்னப் பெட்டியில் ரயில் டிக்கெட் எடுத்ததாகச் சொல்வார். அப்படியானால் இன்டர்நெட்டை முதலில் கொண்டுவந்தது பிரான்ஸ்தானே?

பெரியப்பா சொன்னது உண்மை. அதன் பெயர் மினிடெல். 1982இல் நாடு முழுக்கக் கொடுக்க ஆரம்பித்தார்கள். டெலிபோன் டைரக்டரி அச்சடிப்பதற்குப் பதில் வீட்டுக்கு வீடு இலவசமாக ஒரு பெட்டி. 3615 என்று சுழற்றினால் ரயில், வங்கி, அரட்டை எல்லாம் வரும். காசு டெலிபோன் பில்லில் ஏறும். தொண்ணூறுகளில் சுமார் 90 லட்சம் பெட்டிகள் இருந்தன. நாம் கம்ப்யூட்டரைப் படத்தில் பார்த்த காலத்தில் அங்கே பாட்டிகள் அதில் துணி வாங்கினார்கள்.

ஆனால் அது இன்டர்நெட் இல்லை. எல்லாம் தொலைபேசித் துறையின் வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

நெல்லித்தோப்பு: மேலே உள்ள பதில் தவறு. அமெரிக்கா 1969இலேயே ஆர்பாநெட் என்ற கணினி நெட்வொர்க்கைப் போட்டுவிட்டது. மினிடெல் வெறும் பொம்மை. பிரான்சுக்கு இதில் பங்கே கிடையாது.

இல்லை. இதை நான் விட மாட்டேன்.

1969 அக்டோபர் 29இல் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்து ‘லாகின்’ என்று அடிக்கப் போய், இரண்டு எழுத்தோடு எதிர்முனை நின்றுபோனது, சரி. ஆனால் இன்று நாம் பயன்படுத்துவது ஆர்பாநெட்டின் பழைய முறை இல்லை. அதில் தகவலைப் பத்திரமாக, வரிசையாகக் கொண்டுசேர்ப்பது நெட்வொர்க்கின் பொறுப்பு. எழுபதுகளில் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் சிக்லாட் என்ற நெட்வொர்க்கில் வேறு வழி காட்டினார். ஒரு நீளமான கடிதத்தைப் பத்துத் தபால் அட்டையில் எழுதி, எண் போட்டு அனுப்புகிறோம் என்று வையுங்கள். எது முன்னால் வருகிறது என்று தபால்காரர் கவலைப்பட வேண்டாம். வாங்குபவர் எண்ணைப் பார்த்து அடுக்குவார், வராததை மறுபடி கேட்பார். நடுவில் இருப்பவர்களுக்கு வேலை குறைவு, அதனால் யாரும் எதையும் இதோடு சேர்க்கலாம். அமெரிக்கர்களான விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் இன்டர்நெட்டுக்காக எழுதிய திட்டத்தில் இந்த எண்ணம் இருக்கிறது. 1983 ஜனவரி 1இல் ஆர்பாநெட்டே அந்த டிசிபி/ஐபி முறைக்கு மாறியது. 2013இல் இங்கிலாந்து ராணியின் பெயரில் உள்ள பொறியியல் பரிசை ஐந்து பேருக்குக் கொடுத்தார்கள். செர்ஃப், கான் இவர்களோடு பூசானும் அதில் ஒருவர்.

முத்தியால்பேட்டை, மறுபடியும்: அப்படியானால் பிரான்ஸ் ஏன் தோற்றது?

சொந்த ஆளை நம்பவில்லை. தொலைபேசித் துறைக்கு நெட்வொர்க் தன் பிடியில் இருக்க வேண்டும். அதற்குத் தோதான டிரான்ஸ்பாக் நெட்வொர்க்கை 1978இல் திறந்தார்கள், சிக்லாட்டுக்குப் பணம் நின்றுபோனது. அந்த டிரான்ஸ்பாக் மேல்தான் மினிடெல் ஓடியது. நன்றாகவே ஓடியது. ஆனால் 1993 ஏப்ரல் 30இல் வெப் பிறந்த இடமான ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடம் ‘வெப் எல்லோருக்கும் இலவசம், அனுமதி கேட்க வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தது. வீட்டில் உட்கார்ந்து ஒரு பையன் பக்கம் போடலாம் என்றானபின், வாசலில் காவல் வைத்த வீட்டுக்கு யார் போவார்கள்? 2012 ஜூன் 30இல் மினிடெல்லை மூடினார்கள். எந்த நாடு முந்தியது என்று கேட்பவர்களிடம் நான் திரும்பக் கேட்பது, யார் கதவைத் திறந்து வைத்தார்கள் என்றுதான்.

நெல்லித்தோப்பு, மறுபடியும்: சரி, பெர்சனல் கம்ப்யூட்டராவது அமெரிக்காதானே? 1975 ஆல்டேர்?

ஆல்டேர் பெரிய விஷயம்தான், பில் கேட்ஸ் தொழிலுக்கு வந்ததே அதைப் பார்த்துத்தான். ஆனால் 1973லேயே பாரிஸ் பக்கத்தில் மிக்ரால் என் என்ற இயந்திரம் விற்பனைக்கு வந்துவிட்டது. இன்டெல் 8008 மைக்ரோபிராசஸர் போட்டது, சால்டரிங் வேலை இல்லாமல் முழுதாகக் கையில் வருவது. விவசாய ஆய்வு நிறுவனம் ஒன்று பயிரிலிருந்து நீர் ஆவியாவதைக் கணக்கிடக் கேட்டதால் பிறந்தது. வடிவமைத்தவர் பிரான்சுவா ஜெர்னெல். கம்பெனியை நடத்தியவர் ஆந்த்ரே த்ரூவோங், சைகோனில் பிறந்தவர். நம் ஊரில் எத்தனை வீட்டில் சைகோன் போய்வந்த தாத்தா இருக்கிறார்! அந்த ஊர்க்காரர் ஒருவர் இதில் முன்னால் நிற்கிறார் என்று சொல்ல எனக்கு எப்போதும் சந்தோஷம்.

இந்த வாதத்தை இதோடு நிறுத்திக்கொள்வோம். இன்னும் பதினோரு பேர் இதையே எழுதியிருக்கிறீர்கள்.

சிதம்பரம்: இமெயிலைக் கண்டுபிடித்தது ஒரு தமிழர்தானே?

இந்தக் கேள்வி நான்காவது முறை. சிவா அய்யாதுரை 1978இல், 14 வயதில், நியூஜெர்சியில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காக இமெயில் என்ற பெயரில் ஒரு புரோகிராம் எழுதினார், 1982இல் பதிப்புரிமை வாங்கினார். அந்த வயதுக்கு அது பெரிய வேலை. ஆனால் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கர் 1971லேயே ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கடிதம் அனுப்பி, நடுவில் @ குறியையும் வைத்துவிட்டார். நமக்குப் பெருமை வேண்டுமென்றால் தமிழ் எழுத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்களைப் பற்றிப் பேசுவோம்.

பாகூர்: பழைய 486 இருக்கிறது, ஆன் செய்து பார்க்கலாமா?

வேண்டாம். பேட்டரி. மேலே படியுங்கள்.

வீராம்பட்டினம்: எங்கள் ஊருக்கு இன்டர்நெட் எப்போது வந்தது சார்? சின்ன வயதில் மைக்கில் அலை உயரம் சொன்னது ஞாபகம் இருக்கிறது.

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்திருந்தேன்.

1995 ஆகஸ்ட் 15இல் அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது, அது கிடைத்த ஊர்களில் நமக்குப் பக்கம் சென்னைதான். இங்கிருந்து எஸ்டிடி, அதாவது வெளியூர் கால், போட்டுத்தான் தொட வேண்டும். ராத்திரி கட்டணம் குறையும் வரை காத்திருந்து, மோடம் கீச்சிட்டு இணைந்ததும், நான்கு கடிதத்தை இறக்கிவிட்டு உடனே துண்டிப்பேன். மாணவர் கணக்கு என்று பிறகு வந்தது வருடத்துக்கு 500 ரூபாய். எழுத்து மட்டும் வரும், படம் வராது.

அப்படிப்பட்ட காலத்தில், 1998இல், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து நம் கிராமங்களில் அறிவு மையங்களைத் திறந்தது. டெலிபோன் லைனை நம்ப முடியாத இடங்களுக்கு ரேடியோ வழியாகச் செய்தி போகும். அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் வங்கக்கடலுக்கான அலை உயரக் கணிப்பு வரும். அதை இறக்கி, தமிழில் எழுதி, உங்கள் ஊர் ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். கட்டுமரத்தைத் தள்ளும் முன் அதைக் கேட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் கேட்ட மைக் அதுதான் தம்பி. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத, கம்ப்யூட்டரைத் தொடாத ஒருவர் காதுக்கு இன்டர்நெட் வந்து சேர்ந்தது. 2004 சுனாமி அன்று நல்லவாடில் அதே மாதிரி ஒலிபெருக்கியில் கூப்பிட்டுத்தான் ஜனங்களை வெளியேற்றினார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன், அப்புறம் அந்த மைக்.

கடலூர் தேவனாம்பட்டினம்: ‘கணினிக்கு 640 கேபி மெமரி போதும்’ என்று பில் கேட்ஸ் சொன்னாராமே?

அவர் மறுத்திருக்கிறார். சொன்னதற்கு ஆதாரம் யாரும் காட்டவில்லை.

முத்தியால்பேட்டை, கடைசியாக: பெரியப்பா பெட்டியைக் கையோடு கொண்டுவந்துவிட்டார் சார். பரணில் இருக்கிறது. இப்போது ஏதாவது செய்ய முடியுமா?

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மினிடெல்லே நம் ஊரில் இருக்கிறதா?

ஆன் செய்யாதீர்கள். மூடியையும் திறக்காதீர்கள். அது பழைய டிவி மாதிரி பிக்சர் டியூப், அணைத்தபின்னும் உள்ளே ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் நிற்கும். பின்பக்கம் ஐந்து ஓட்டை உள்ள வட்ட சாக்கெட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் அதன் வழியாக இன்றைய கணினியை இணைத்து, மினிடெல்லைத் திரையும் விசைப்பலகையுமாகப் பயன்படுத்தலாம், நொடிக்கு 1200 பிட் வேகத்தில். நெட்வொர்க் மூடிவிட்டாலும் பெட்டி உயிரோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை நானே வருகிறேன். பெரியப்பாவையும் இருக்கச் சொல்லுங்கள், அந்த ரயில் டிக்கெட்டை எப்படி எடுத்தார் என்று அவர் வாயால் கேட்க வேண்டும்.