குளிர்ந்த காற்று தரையைச் சூடாக்குமா?

கேள்வி: ‘வெப்பம் சூடானதிலிருந்து குளிர்ந்ததற்குத்தான் போகும். மேலே உள்ள குளிர்ந்த காற்று கீழே உள்ள தரையை எப்படிச் சூடாக்கும்? புவி வெப்பமாதல் பேசுபவர்களுக்கு இயற்பியலே தெரியாது’ என்று வாதிடுகிறார் நண்பர். என்ன பதில் சொல்வது?

பதில்: விதியைச் சரியாகத்தான் சொல்கிறார், கணக்கில் கோட்டை விடுகிறார். அவர் சொல்லும் வெப்ப இயக்கவியலின் 2-ம் விதி நிகர ஓட்டத்தை, அதாவது போவதில் வருவதைக் கழித்த மீதியைப் பற்றியது. சராசரியாக 15 டிகிரி செல்சியஸில் இருக்கும் புவிப்பரப்பு, சதுர மீட்டருக்குச் சுமார் 390 வாட் அகச்சிவப்புக் கதிரை மேலே அனுப்புகிறது. நீராவி, கார்பன் டை ஆக்சைடு, மேகம் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 340 வாட்டைக் கீழே அனுப்புகின்றன. மீதி 50 வாட் மேல்நோக்கித்தானே போகிறது, விதி எங்கே உடைந்தது? சூடாக்குவது சூரியன். காற்று, தரை ஆறுவதைக் குறைக்கிறது. கம்பளிக்குள் அடுப்பா இருக்கிறது?

மேலிருந்து அகச்சிவப்புக் கதிர் வருவதை நேரில் காட்ட, மைனஸ் 50 டிகிரி வரை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும். (நெற்றிக் காய்ச்சல் பார்ப்பது உதவாது.) இரவில் தெளிந்த வானத்தை நோக்கிப் பிடியுங்கள், பிறகு தாழ்வான மேகத்தை. மேகம் பல டிகிரி கூடுதலாகக் காட்டும்.

ஆனால் இதையே கார்பன் டை ஆக்சைடுக்குச் சான்று என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். இக்கருவிகள் பெரும்பாலும் பார்ப்பது 8 முதல் 14 மைக்ரான் (மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலைநீளம். இடையிலுள்ள காற்று குறுக்கிடக் கூடாதென்றே அந்தப் பட்டையைத் தேர்ந்திருக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு வலுவாக உறிஞ்சுவது 15 மைக்ரானை ஒட்டி. நீங்கள் அளந்தது பெரும்பாலும் மேகத்தையும் நீராவியையும்தான்.