சிறுநீரக இரத்த ஓட்டத்தைக் கணினியில் உருவகப்படுத்த முடியுமா?

ஒவ்வொரு நுண்குழாயாக முழுச் சிறுநீரகத்தையும் என்றால் பெரும்பாடு. மனிதரின் ஒரு சிறுநீரகத்துக்குள்ளேயே இரத்தத்தை வடிகட்டும் நுண் அலகுகளான நெஃப்ரான்கள் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. ஒரே ஒரு நெஃப்ரான் என்றால் சாதாரண மடிக்கணினி போதும். எம்.டெக் ப்ராஜெக்டில் எலியின் அளவுகளை வைத்து நான் செய்தது அதுதான்.

குழாய், அழுத்தம், ஓட்டம், அவ்வளவுதானே என்று இறங்கினேன். குழாயின் ஆரம் 10% சுருங்கினாலே ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆரத்தின் நான்காம் அடுக்கு செய்யும் வேலை அது. சிறுநீரகம் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் இதை வைத்துத்தான். இரத்த அழுத்தம் 80இலிருந்து 180 வரை ஏறினாலும் உள்ளே போகும் ஓட்டம் பெரிதாக மாறாது. அழுத்தம் கூடினால் நுண்தமனி தானே சுருங்கும். வடிகட்டிய நீரில் உப்பு கூடினால், மாக்குலா டென்சா என்ற செல்கூட்டம் அதை உணர்ந்து இன்னும் சுருக்கச் சொல்லும்.

இந்த இரண்டாவது வழியை ப்ரோகிராமில் சேர்த்து ஓட்டினேன். நேர்கோடாக அடங்க வேண்டிய வரைபடம் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பிழை என்று நினைத்து, ப்ரோகிராம் கணக்கிடும் நேர இடைவெளியைப் பத்தில் ஒன்றாக்கினேன். அசையவில்லை. இரண்டு வாரம் போச்சு. அப்புறம் கைடு எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எலிக்கும் இப்படித்தாம்பா இருக்கும்" என்று ஒரு பழைய கட்டுரையை எடுத்துக் கொடுத்தார். 1980களில் டென்மார்க்கில் லெய்சாக், ஹோல்ஸ்டைன்-ராட்லோ ஆகியோர் மயக்கத்தில் இருந்த எலியின் நெஃப்ரானுக்குள் மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செருகி அழுத்தத்தை அளந்திருக்கிறார்கள். அதே அலை!

காரணம் தாமதம். கீசர் தண்ணீர் சூடாக வர நேரமாகும். அதற்குள் குழாயை இன்னும் திருகிவிடுவோம், சுட்டதும் மூடுவோம், பிறகு ஜில்லென்று வரும். இங்கேயும் வடிகட்டிய நீர் குழாய் நெடுக ஓடி மாக்குலா டென்சாவை அடையச் சில நொடிகள் பிடிக்கும். செய்தி எப்போதும் பழைய செய்திதான். உயர் இரத்த அழுத்த எலிகளில் இந்த அலை ஒழுங்கே இல்லாமல் தாறுமாறாகிவிடும். எனக்கு இதில் பிடித்ததே அந்தப் பகுதிதான்.

செய்து பார்க்க நினைத்தால் பைதான் நிரல்மொழியில் ஒரு நெஃப்ரானோடு தொடங்குங்கள். அலை வந்தால் தாமதத்தைப் பூஜ்யமாக்கி ஓட்டுங்கள். கோடு அடங்கினால் சரி. அப்போதும் ஆடினால் மட்டும் ப்ரோகிராமில் பிழை தேடுங்கள்.