பி.ஏ. மொழியியலும் எம்.ஏ. டீசாலும் ஐந்து வருடத்தில்: சேருமுன் பார்க்க வேண்டிய கணக்கு

தம்பி, நியூ ஜெர்சி வந்து நான்கு மாதம்தான் ஆகிறது, கையில் கிரீன் கார்டு இருக்கிறது, மொழியியல் (லிங்விஸ்டிக்ஸ்) பி.ஏ.வையும் டீசால், அதாவது வேறு மொழி பேசுபவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் துறையின் எம்.ஏ.வையும் சேர்த்து ஐந்து வருடத்தில் முடிக்கும் படிப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஃப்-1 மாணவர் விசாவில் வந்திருக்கும் உங்கள் மாமா மகளுக்கும் இதே வழி சரிப்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலம் கற்பிப்பதுதான் தொழில் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் உங்களுக்கு இது நல்ல வழி. மாமா மகளுக்குக் கணக்கு வேறு, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இந்தப் படிப்பு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். பி.ஏ.வுக்கு 120 கிரெடிட் (பாட அளவைக் கணக்கிடும் அலகு), எம்.ஏ.வுக்குப் பெரும்பாலும் 30 முதல் 36. நான்காம் வருடத்தில் எடுக்கும் மூன்று, நான்கு முதுகலைப் பாடங்களை இரண்டு பட்டத்துக்கும் எண்ணிக்கொள்வார்கள். அது 9 முதல் 12 கிரெடிட். 120உம் 36உம் சேர்ந்து 156, அதில் 12 கழித்தால் 144. பத்து செமஸ்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்குச் சராசரி 14க்குச் சற்று மேல். சமாளிக்கக்கூடிய சுமைதான், ஆனால் ஒரு பாடம் தவறினால் ஈடுகட்ட இடமில்லை. மிச்சமாவது ஏறக்குறைய ஒரு வருடமும் அந்த 12 கிரெடிட்டின் கட்டணமும்.

சிக்கல் வருவது பாடங்களின் வரிசையில். அறிமுகப் பாடம் முடித்தால்தான் ஒலியியலும் தொடரியலும் எடுக்க விடுவார்கள். அவை முடிந்தால்தான் இரண்டாம் மொழி கற்றல், கற்பித்தல் இலக்கணம் போன்றவை. பல துறைகள் சில பாடங்களை வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்தும். செலவைக் குறைக்கக் கம்யூனிட்டி காலேஜ் என்னும் இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு மாறுவது நம்மவர்கள் அதிகம் எடுக்கும் வழி, நல்ல வழியும்தான். ஆனால் அங்கே மொழியியல் அறிமுகம்கூடக் கிடைக்காமல் போகலாம். அப்படியானால் மூன்றாம் வருடம் மாறி வந்த பிறகுதான் முதல் பாடமே தொடங்கும். எம்.ஏ.வுக்கு விண்ணப்பிப்பதோ அதே மூன்றாம் வருடத்தில். காட்டுவதற்குத் துறைப் பாட மதிப்பெண் இருக்காது. ஆகவே மாறுவதற்கு முந்தைய கோடையிலேயே, சேரப்போகும் பல்கலைக்கழகத்தில் அறிமுகப் பாடத்தை எடுத்துவிடுங்கள்.

மதிப்பெண் விஷயத்தில் கவனம் தேவை. எம்.ஏ.வில் சேர்வதற்கு ஜிபிஏ (சராசரி மதிப்பெண் புள்ளி) 3.0 முதல் 3.5 வரை கேட்பார்கள். முதுகலைப் பாடத்தில் 'பி'க்குக் கீழே வந்தால் அது எம்.ஏ. கணக்கில் சேராமல் போகலாம். அது பி.ஏ. ஜிபிஏவையும் சேர்த்தே இழுக்கும். இன்னொன்றையும் மறக்காதீர்கள். இரண்டு பட்டத்துக்கும் எண்ணும் சலுகை அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் மட்டும்தான். பி.ஏ.வோடு வெளியேறி வேறிடத்தில் எம்.ஏ. சேர்ந்தால், பி.ஏ.வில் எண்ணப்பட்ட அந்த 12 கிரெடிட்டைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

பணத்துக்கு வருவோம். கிரீன் கார்டு இருப்பதால் ஃபாஃப்சா என்னும் மத்திய அரசின் நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பலாம். நியூ ஜெர்சியில் உள்மாநிலக் கட்டணம் பெறப் பொதுவாக 12 மாதம் குடியிருந்திருக்க வேண்டும், ஆகவே வாடகை ஒப்பந்தம், வரிக் கணக்கு எல்லாவற்றையும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். பெல் என்னும் மத்திய அரசு உதவித்தொகை, 2025-26இல் அதிகபட்சம் 7,395 டாலர், இளங்கலை மாணவருக்கு மட்டும். உங்களை முதுகலை மாணவர் என்று பதிவாளர் அலுவலகம் மாற்றும் நாளோடு அது நின்றுவிடும். பல்கலைக்கழகம் தரும் இளங்கலை உதவித்தொகையும் பெரும்பாலும் எட்டு செமஸ்டரோடு சரி. 2026 ஜூலையிலிருந்து புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்னும் முதுகலை மாணவருக்கான மத்திய அரசுக் கடனும் கிடையாது. ஆகவே ஐந்தாம் வருடச் செலவுக்கு முதல் வருடமே திட்டம் வேண்டும். டீச் கிராண்ட் என்று வருடத்துக்கு 4,000 டாலர் வரை தரும் திட்டம் ஒன்று உண்டு. படிப்பை முடித்த எட்டு வருடத்துக்குள் நான்கு வருடம் ஏழைப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பள்ளியில் தேவையுள்ள பாடம் எடுக்க வேண்டும். தவறினால் முழுத் தொகையும் வட்டியோடு கடனாகிவிடும். பள்ளி ஆசிரியர் ஆவது உறுதி என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த உறுதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. டீசால் எம்.ஏ. வாங்கினாலே அரசுப் பள்ளியில் கற்பிக்கலாம் என்று பலர் நினைத்துச் சேர்ந்துவிடுகிறார்கள். அரசுப் பள்ளிக்கு மாநில உரிமம் வேண்டும். அது கிடைக்கும் படிப்பும் கிடைக்காத படிப்பும் ஒரே பல்கலைக்கழகத்தில் பக்கத்துப் பக்கத்துத் துறைகளில் இருக்கலாம். உரிமத்துக்கான படிப்பில் பள்ளியில் பகல் முழுதும் பயிற்சிக் கற்பித்தல் இருக்கும், பெரும்பாலும் சம்பளம் கிடையாது, பகுதி நேர வேலையும் விட வேண்டி வரும். உரிமம் இல்லாத எம்.ஏ.வோடு கம்யூனிட்டி காலேஜ், பல்கலைக்கழகத்தின் தீவிர ஆங்கில வகுப்பு ஆகியவற்றில் வேலை கிடைக்கும். ஆனால் அங்கே முழுநேர இடங்கள் குறைவு. பாடத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் தரும் அட்ஜங்க்ட் (பகுதி நேர ஆசிரியர்) வேலைதான் அதிகம், அதற்கு மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வராது. குடும்பத்தைத் தாங்க வேண்டியவர் என்றால் உரிமத்தோடு கூடிய படிப்பையே தேடுங்கள்.

பாடத்தில் உங்களுக்கு ஒரு பலம் உண்டு. த, ட இரண்டையும் பிரித்துச் சொல்லும் நாக்கு ஒலியியல் வகுப்பில் கைகொடுக்கும். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ப, ட, க ஒலிகளோடு மூச்சு சேர்ந்து வரும். நாம் மூச்சில்லாமல் சொல்வதால் அமெரிக்கக் காதுக்கு அது வேறு எழுத்தாகக் கேட்கும். ஏன் அப்படி என்று விளக்கத் தெரிந்த ஆசிரியரிடம் புதிதாக வந்தவர்கள் வேகமாகக் கற்பார்கள்.

மாமா மகளுக்கு. எஃப்-1இல் ஒவ்வொரு உயர் பட்ட நிலைக்கும் 12 மாத ஓபிடி (படிப்பு சார்ந்த வேலைக்கான அனுமதி) உண்டு. இரண்டு பட்டத்தையும் ஒரே நாளில் தரும் படிப்பில் சேர்ந்தால் ஓபிடி ஒரு முறைதான். பொது மொழியியலும் டீசாலும் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை, ஆகவே 24 மாத நீட்டிப்பும் கிடையாது. தனியாகப் பி.ஏ. முடித்துவிட்டு, கற்பித்தல் உதவியாளர் பணியோடு எம்.ஏ. தரும் வேறு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் கட்டணத் தள்ளுபடியும் மாதப் படியும் கிடைக்க வாய்ப்புண்டு. இரண்டு பட்டத்தையும் சேர்த்துத் தரும் படிப்பில் நான்காம் வருடம்வரை இளங்கலை மாணவராகவே எண்ணுவதால் அந்த வாய்ப்பு வருவது கடினம். வளாகத்துக்கு வெளியே பயிற்சிக் கற்பித்தல் செய்வதற்கு முன் சிபிடி (படிப்பின் பகுதியான பயிற்சிக்கான) அனுமதி, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் பதிவாகியிருக்க வேண்டும், சம்பளம் இல்லை என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

துறை அட்வைசருக்கு மின்னஞ்சல் எழுதி மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்: பி.ஏ. பட்டம் முதலில் தனியாகத் தருவார்களா, எந்தச் செமஸ்டரில் முதுகலை மாணவராகப் பதிவார்கள், இந்த எம்.ஏ. நியூ ஜெர்சி ஈஎஸ்எல் (இரண்டாம் மொழியாக ஆங்கிலம்) ஆசிரியர் உரிமத்துக்குச் செல்லுமா. இரண்டாம் கேள்விக்கான பதிலை நிதியுதவி அலுவலகத்திடமும் தனியாகக் கேளுங்கள். இரண்டு அலுவலகமும் வேறு வேறு பதில் சொன்னால், பதிவாளரிடம் போய் உறுதி செய்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.