காட்டுப்பன்றிக் காவலுக்கு இரவு ஸ்கோப் வாங்கலாமா?

கேள்வி: சத்தியமங்கலம் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் தோட்டம். காப்புக்காட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரம் பார்த்துக் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கி, ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைச் சாய்த்துவிடுகிறது. துப்பாக்கி உரிமம் எடுத்து, இருட்டில் தெரிகிற ஸ்கோப் மாட்டிக் காவல் இருக்கலாம் என்று யோசிக்கிறேன். தெர்மல் வாங்குவதா, நைட் விஷன் வாங்குவதா? பெட்டியில் போட்டிருக்கும் மீட்டர் கணக்கை நம்பலாமா?

பதில்: பால் பிடித்த கதிர் மண்ணில் கிடப்பதைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். ஆனாலும் துப்பாக்கியில் மாட்டுகிற ஸ்கோப்பை வாங்காதீர்கள். 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்குகளின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் மட்டுமல்ல, சுட முயன்றாலே அது வேட்டைதான். பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி உரிமம் உண்டு, சரி. ஆனால் அது துப்பாக்கியை வைத்துக்கொள்ளத்தான் அனுமதி. பன்றியைச் சுட அல்ல.

கேரளத்தில் சுடுகிறார்களே என்று உங்கள் பக்கத்தில் பேசுவார்கள். அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர் உத்தரவு போட்டு, உரிமம் உள்ளவரை வைத்துச் சுடுகிறார்கள். இங்கே முறை வேறு. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம், அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள்தான். உங்கள் தோட்டம் நடுவில் வருகிறது. அதனால் நீங்கள் கேட்க வேண்டியது பிடித்துக்கொண்டு போகச் சொல்லித்தான்.

இனி கருவி. நைட் விஷன் என்று விற்கிற டிஜிட்டல் கருவிகள் இன்ஃப்ராரெட் விளக்கை அடித்து, திரும்பி வரும் ஒளியைப் படமாக்குகின்றன. 850 நானோமீட்டர் அலைநீள விளக்கில் லேசான சிவப்பு தெரியும்; 940-இல் தெரியாது, ஆனால் தூரம் குறையும். பனி இறங்கினாலோ முன்னால் ஒரு தழை ஆடினாலோ வெளிச்சம் அதிலேயே பட்டுத் திரும்பிவிடும். தெர்மலுக்கு விளக்கே வேண்டாம், உடம்புச் சூடுதான் படம். ஆனால் வெயில் காய்ந்த நாளில் முன்னிரவு வரை பாறையும் வரப்பும்கூடச் சூடாகவே இருக்கும். விடியற்காலையில்தான் படம் தெளிவாக இருக்கும்.

பெட்டியில் போட்டிருக்கும் மீட்டர் என்பது, ‘அங்கே ஏதோ சூடாக இருக்கிறது’ என்று தெரிகிற தூரம். அது இன்னது என்று அடையாளம் தெரிகிற தூரம் அதில் ஒரு சிறு பங்குதான். 12 மைக்ரான் பிக்சல் (படத்தின் ஒரு கட்டம்), 10 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு மீட்டரில் ஒரு பிக்சல் 12 சென்டிமீட்டரை மூடும். ஒரு மீட்டர் நீளப் பன்றிக்கு எட்டு பிக்சல் கிடைத்தால் பெரிது. எட்டு வெள்ளைக் கட்டத்தை வைத்துப் பன்றியா, கன்றுக்குட்டியா, மடை திருப்பக் குனிந்திருக்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரரா என்று எப்படிச் சொல்வீர்கள்? 25 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் அதே தூரத்தில் இருபது பிக்சல் வரும், ஆளா பன்றியா என்று ஓரளவு தெரியும். ஆனால் 256 பிக்சல் அகல சென்சாரில் பார்வை 12 மீட்டர் அகலத்துக்குச் சுருங்கிவிடும். டிஜிட்டல் ஜூம் அந்தக் கட்டங்களைத்தான் பெரிதாக்கும்; புதிதாக எதையும் காட்டாது. இரவில் பன்றி சுட அனுமதி உள்ள டெக்சாஸ் போன்ற இடங்களிலும் தேடிப் பார்ப்பதற்கென்று கைக்கருவி தனியாக வைத்திருப்பார்கள். ஸ்கோப்பால் தேடினால் துப்பாக்கிக் குழல் ஒவ்வொரு ஆளையும் மாட்டையும் நோக்கித்தான் திரும்பும்.

இன்னொன்று. ஆள் உயரம் வளர்ந்த மக்காச்சோளத்துக்குள் பன்றி புகுந்துவிட்டால் தெர்மலும் உதவாது. இலைச் சந்தில் இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். அது உள்ளே நுழைவதற்கு முன்னால் தெரிய வேண்டும். அதற்கு நுழைகிற இடம் தெரிய வேண்டும்.

அதனால் முதலில் 940 நானோமீட்டர் விளக்குள்ள டிரெயில் கேமரா (விலங்கு கடந்தால் தானே படம் எடுப்பது) ஒன்று வாங்குங்கள். பகலில் வேலியோரமாக நடந்து பாருங்கள். கம்பியில் சேற்றோடு முரட்டு மயிர் ஒட்டியிருக்கும், அடியில் மண் வழவழவென்று தேய்ந்திருக்கும். அதுதான் தடம். கேமராவை அங்கே முழங்கால் உயரத்தில், தடத்துக்குச் சாய்வாகக் கட்டுங்கள். தெர்மல் வேண்டுமென்றால் நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு கைக்கருவி வாங்கி, காவல் முறைக்காரரிடம் கொடுங்கள். ஒருவர் தனியாக வாங்க அது கட்டுப்படியாகாது.

தடம் தெரிந்தால் வேலி எங்கே பலமாக வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பன்றி தாண்டுவதைவிட அடியில் நுழைவதுதான் அதிகம். சூரிய மின்வேலியில் முதல் கம்பி தரையிலிருந்து 15 சென்டிமீட்டரில் இருக்கட்டும், அடுத்த இரண்டும் அதே இடைவெளியில். புல் தொட்டால் மின்னழுத்தம் இறங்கிவிடும், அடிக்கடி செதுக்க வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது. எர்த் கம்பியடியில் தண்ணீர் ஊற்றுங்கள். காட்டோரம் என்பதால் வேலி போடும் முன் வனத்துறையில் பதிவு பற்றிக் கேட்டுவிடுங்கள். சுற்றி நாலு வரிசை ஆமணக்கு போடுவதும் மக்காச்சோளத்துக்குச் சிபாரிசு செய்யப்படும் முறைதான். ஆனால் ருசி கண்ட கூட்டத்தை அது மட்டும் தடுக்கும் என்று நம்பாதீர்கள்.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுகிற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப் போட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன, இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. உங்கள் பக்கமும் யானை நடமாடுகிற இடம். ஆள் மாட்டினாலும் அதே கதிதான்.

அப்புறம், கேமராவில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலர், வனவர், ஊராட்சித் தலைவர் அடங்கிய குழுவிடம் பன்றி பிடிக்க மனு கொடுக்கும்போதும், பயிர் இழப்பீடு கேட்கும்போதும் அந்தப் படங்களையும், சாய்ந்த பயிரைப் பகலில் எடுத்த படங்களையும் சேர்த்து வையுங்கள். பால் பிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், பயிர் பூ எடுக்கும்போதே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.