சீனி வருத்தமும் உழவு இயந்திரத் தவணையும்

கேள்வி: நான் கிளிநொச்சி மாவட்டத்தில் அரச பாடசாலையொன்றில் ஆசிரியை, வயது 46. கணவருக்கு 51. இரணைமடுக் குளத்தின் கீழ் நாலு ஏக்கர் வயல் செய்கிறார். லேண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் ஒன்று வைத்துக் கூலி உழவுக்கும் போகிறார். ஏழு வருடங்களுக்கு முன் அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரிந்தது. முதல் வருடம் ஒழுங்காகக் கிளினிக் போனார். இப்போது தலை சுற்றினால் மட்டும் குளிசை போடுகிறார். ஏதும் சொன்னால், "முள்ளிவாய்க்காலில சாகாத என்னைச் சீனியோ சாகடிக்கப் போகுது?" என்பார். போன ஐப்பசியில் காலில் ஏறிய முள் புண்ணாகி, ஐந்து கிழமை வைத்தியசாலையில் இருந்தார். 185,000 ரூபாய் செலவானது. என் பெயரில் உள்ள 8 இலட்சம் ரூபாய் நிலையான வைப்பு அடுத்த மாதம் முதிர்கிறது. அதை முற்பணமாகக் கட்டி, லீசிங்கில் நாலு சில்லு உழவு இயந்திரம் எடுக்க வேண்டும் என்று நிற்கிறார். மாதம் 65,000 ரூபாய்ப்படி 48 மாதத் தவணை, பிணைக் கையெழுத்து நான் வைக்க வேண்டும். எனக்கோ அந்தப் பணத்தில் அவருக்கு ஒரு மருத்துவக் காப்புறுதி எடுத்தால் என்ன என்ற எண்ணம். மகள் உயர்தரம் படிக்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இந்த வருடம் அந்தப் பிணைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். அதேவேளை, 8 இலட்சத்தைக் கொண்டுபோய்க் காப்புறுதியிலும் போட்டுவிடாதீர்கள்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய கணக்குக் கொப்பியின் பக்கத்தை மூன்று தடவை வாசித்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போய்வந்த செலவும் கூட நின்றவர்களின் சாப்பாடும் 38,000; விதைப்புக்கும் பசளை எறியவும் பிடித்த கூலியாட்களுக்கு 72,000; சொந்த லேண்ட்மாஸ்டர் பட்டியில் நிற்க, வேறொருவரின் இயந்திரத்தைப் பிடித்து உழுததற்கு 45,000; வெளியில் வாங்கிய மருந்துக்கும் மருந்து கட்டியதற்கும் 30,000. வாட்டில் இருந்த ஐந்து கிழமைக்கும் அரச வைத்தியசாலை உங்களிடம் ஒரு சதமும் கேட்கவில்லை. மருத்துவம் என்று சொல்லக்கூடிய செலவு மொத்தத்தில் ஆறிலொன்றுகூட இல்லை. மிச்சமெல்லாம் ஒரு மனிதன் படுத்ததால் வயலில் விழுந்த செலவு. அந்த ஐப்பசியில் அவர் உழப் போகாததால் வராமல் போன கூலி உங்கள் கொப்பியில் எழுதப்படவே இல்லை. வைத்தியசாலைக் கட்டணத்தைத் தரும் காப்புறுதி, கட்டணமில்லாத வைத்தியசாலைக்குப் போகும் உங்கள் வீட்டில் இந்த ஓட்டையை அடைக்காது.

தனியார் காப்புறுதி எடுப்பதானால் ஏழு வருட வருத்தத்தையும் போன வருடப் புண்ணையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள். எழுதினால் கட்டணம் கூடும், அல்லது அந்த வருத்தத்தால் வரும் செலவுகளை விலக்கிவிட்டே ஒப்பந்தம் தருவார்கள். நீங்கள் அரச ஊழியர் என்பதால், அரச ஊழியருக்கான மருத்துவக் காப்புறுதியான அக்ரஹாரவில் கணவரும் அடங்குவார். ஐந்து கிழமை வாட்டில் இருந்ததற்கு நீங்கள் விண்ணப்பித்ததாகக் கடிதத்தில் இல்லை. வைத்தியசாலை தந்த டயக்னோசிஸ் கார்ட்டை எடுத்துக்கொண்டு, காலம் கடந்துவிட்டதா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் இந்தக் கிழமையே விசாரியுங்கள். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று போன்ற பெருஞ்செலவு எப்போதாவது வந்தால், ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்க முடிகிறது.

இனி உழவு இயந்திரம். 65,000 ரூபாயை 48 ஆல் பெருக்கினால் 3,120,000 ரூபாய், முற்பணம் வேறு. இந்தப் பணம் எங்கிருந்து வரும்? உழவுக் கூலி காலபோகத்துக்கு முன் சில கிழமையும் சிறுபோகத்துக்கு முன் சில கிழமையும் வருவது. அதிலும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதைக் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். தவணையோ பன்னிரண்டு மாதமும் வரும். இயந்திரம் புதிதாக இருந்தாலும் அதை ஓட்டப் போகிற கால் பழையது. முள் ஏறியதையே உணராத கால். சீனி நீண்டகாலம் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும், இரத்தவோட்டம் குறையும், புண் ஆறுவது தாமதமாகும். நோகாததால் அவர் தனக்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறார். நோகாமல் இருப்பதுதான் ஆபத்து. அவர் மறுபடியும் ஒரு போகம் படுத்தால், பிணை வைத்தவர் என்ற வகையில் நிலுவை முழுவதற்கும் நீங்களே பொறுப்பு. முல்லைத்தீவுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், கணவர் வாட்டில் கால்விரல் எடுத்துப் படுத்திருந்த கிழமையில் லீசிங்காரர் வந்து முற்றத்தில் நின்ற இயந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த மனைவி நிலுவைக் கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்தபோது, கடதாசியில் மஞ்சள் கறை இருந்தது. அடுப்படியில் நின்றபடி வாசித்திருக்கிறார். உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அந்தக் கடதாசிதான் என் கண்ணுக்குள் நிற்கிறது.

கணவரின் பேச்சை வெறும் பிடிவாதம் என்று நான் எடுக்கவில்லை. 2009 ஐத் தாண்டி வந்த ஒருவருக்கு, சத்தமில்லாமல் வருகிற ஒன்றைப் பயமாக நினைப்பது கடினம். ஆனால் அவர் கிளினிக் போகாததற்குப் பணமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. கிளினிக் வேலைநாளில் நடக்கிறது. விடியவே போய் நம்பர் எடுத்து, மருந்து வாங்கி வர மத்தியானம் திரும்பிவிடும். உழவுக் காலத்தில் அது ஒரு நாள் உழைப்பு. ஆகவே அந்த நாளை வீட்டுக் கணக்கில் ஏற்றுங்கள். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதி எழுதப்பட்டவுடன் அந்த நாளுக்கு ஒரு கூலியாளைப் பேசி, கூலியை ஒதுக்கி வையுங்கள். லேண்ட்மாஸ்டரை ஓட்டப் பழகிய உறவுக்காரப் பொடியன் ஒருவனிடம் பங்குக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. அவர் படுத்தாலும் இயந்திரம் படுக்காது.

பணத்தை இப்படிப் பிரிக்கச் சொல்வேன். 3 இலட்சத்தை மூன்று மாத வைப்பாக உங்கள் பெயரிலேயே போடுங்கள். அது ஒரு போகம் தவறினால் வயலைத் தாங்கும் பணம், வேறெதற்கும் தொடக்கூடாது. 4 இலட்சம் மகளின் மேற்படிப்புக்கு ஒரு வருட வைப்பாக இருக்கட்டும். கூடுதல் வட்டி என்று யாரும் அழைத்தாலும் அனுமதி பெற்ற வங்கியை விட்டுப் போகாதீர்கள்; வங்கி முறிந்தால் பணத்தைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதி அங்கே ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரைக்கும் உண்டு. மீதி ஒரு இலட்சத்தில் கிளினிக் நாட்களின் கூலி, குளுக்கோமீட்டர், அதற்கான பட்டிகள், வயலுக்குப் போட நல்ல றப்பர் பூட்ஸ் ஒரு சோடி, லேண்ட்மாஸ்டரின் திருத்த வேலை ஆகியவற்றைப் பார்க்கலாம். இரவில் டோர்ச் அடித்து அவருடைய உள்ளங்காலைப் பார்ப்பதற்குச் செலவில்லை. அவசரத்துக்கு அரச ஊழியருக்குத் தரும் இடர்கடனுக்கு உங்களுக்குத் தகுதி இருந்தால் அதை இப்போது எடுக்காமல் வைத்திருங்கள்.

உழவு இயந்திரமே வேண்டாம் என்று அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. கடன் கொடுப்பவர் ஆறு மாத வங்கிக் கூற்றைக் கேட்பதுபோல, பிணை வைப்பவராக நீங்களும் ஒரு கூற்றைக் கேளுங்கள். எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனை கடந்த மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும். பரிசோதனைக்கு முதல்நாள் மட்டும் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. பலருக்கு வைத்தியர்கள் 7 வீதத்துக்குக் கீழ் என்று இலக்கு வைப்பார்கள்; அவருடைய இலக்கை அவருடைய வைத்தியர் சொல்லட்டும். மூன்று மாத இடைவெளியில் இரண்டு தடவை அந்த இலக்குக்குள் வந்தால், அடுத்த அறுவடைக்குப் பிறகு இயந்திரத்தைப் பற்றிப் பேசலாம் என்று சொல்லுங்கள். அப்போதும் புதிதல்ல, பாவித்ததையே பாருங்கள்.

வயல் காணி அவர் பெயரில் அரசு தந்த அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால், அவருக்குப் பின் அதற்கு உரித்தாகும் பின்னுரித்தாளரின் பெயர் பதியப்பட்டிருக்கிறதா என்று பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இருவரும் சேர்ந்து போய்ப் பாருங்கள்; அவர் நலமாக நடமாடும்போது செய்தால் அது அரை நாள் வேலை. வைப்பு முதிர்வதற்கு ஒரு கிழமைக்கு முன்பே வங்கிக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள். இல்லையென்றால் 8 இலட்சமும் ஒரே வைப்பாகத் தானே புதுப்பிக்கப்பட்டுவிடக்கூடும்; இடையில் எடுத்தால் வட்டி குறையும்.