மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் போதுமா?

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழக அறிவியல் துறையில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருக்கிறேன். பருவத் தேர்வு முடிந்ததும் மூன்று வாரம் வளாகத்தை மூடுகிறோம். எங்கள் மாடியில் அலுவலக அறைகளோடு இரண்டு ஆய்வகங்களும் உள்ளன. கடைசி நாள் மாலை மாடியின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிவிட்டால் தீ விபத்து பற்றிய கவலையே வேண்டாம் என்கிறார்கள் சிலர். அது சரியா? விடுமுறையில் வீட்டில் கவனிக்க வேண்டியவை என்ன?

பதில்: மெயினை அணைக்காதீர்கள். தீயைத் தடுக்க வேண்டும் என்ற அக்கறை சரிதான். ஆனால் அந்த ஒரே சுவிட்சை நம்பித்தான் ஃப்ரீசரும், ரசாயனக் கிடங்கின் காற்றை வெளியேற்றும் விசிறியும் ஓடிக்கொண்டிருக்கும். சில கட்டடங்களில் தீ எச்சரிக்கைக் கருவிக்கும் அதுவே வழியாக இருக்கலாம். எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று பொருள் பொருளாகப் பிரியுங்கள். ஓட வேண்டிய ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான ஆளின் பெயரையும், விடுமுறையிலும் அவர் எடுக்கக்கூடிய தொலைபேசி எண்ணையும் எழுதி ஒட்டுங்கள். இந்த வேலையைக் கடைசி நாளில் ஆரம்பிக்கக் கூடாது. அன்று எல்லோருக்கும் ஊருக்குக் கிளம்பும் அவசரம். ஒரு வாரம் முன்னதாகவே ஆய்வகப் பொறுப்பாளர்களோடு அறை அறையாக நடந்து பாருங்கள்.

ஓட வேண்டியவற்றில் முதலிடம் ஃப்ரீசர்களுக்கும் திரவ நைட்ரஜன் தொட்டிகளுக்கும். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் 2023 டிசம்பர் 22, 23 தேதிகளில், கிறிஸ்துமஸ் விடுமுறை தொடங்கிய வேளையில், சில உறைகலன்களுக்குத் திரவ நைட்ரஜன் வருவது தடைப்பட்டது. புதிதாக நிரப்பாவிட்டாலும் அந்தக் கலன்கள் நான்கு நாள் தாங்கும். ஐந்து நாள் யாரும் நிரப்பவில்லை. பல ஆண்டுகளாகச் சேர்த்த ரத்தப் புற்றுநோய் ஆய்வு மாதிரிகள் அழிந்துபோயின. அதனால் எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காதீர்கள். அது அடித்தால் யாருடைய கைப்பேசிக்குச் செய்தி போகும், அவர் வெளியூரில் இருந்தால் அடுத்தவர் யார், அந்த அடுத்தவரிடம் ஆய்வகச் சாவி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் ஏற்பாடு முடியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

காவலர்களையும் துப்புரவுப் பணியாளர்களையும் அழைத்து நேரில் பேசுங்கள். அமெரிக்காவின் ரென்சிலர் தொழில்நுட்ப நிறுவனத்தில் 2020இல் ஒரு ஃப்ரீசர் பழுதாகி எச்சரிக்கை ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. சத்தத்தை எப்படி நிறுத்துவது என்று அதன் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். துப்புரவுப் பணிக்கு வந்தவர் உதவி செய்வதாக எண்ணி மின் இணைப்பின் பிரேக்கரை அணைத்துவிட்டார். மைனஸ் 80 டிகிரியில் இருந்த ஆய்வுப் பொருட்கள் கெட்டு, விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்த ஒருவரைக் குறைசொல்லி இதைக் கடந்துவிட முடியாது. ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டால் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நாம் நினைப்பதில்தான் கோளாறு இருக்கிறது. 'இந்தச் சத்தம் கேட்டால் எதையும் தொட வேண்டாம், இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்' என்று முகம் பார்த்துச் சொல்லும் ஐந்து நிமிடம் எந்த அறிவிப்பையும்விட வலுவானது.

திரவ நைட்ரஜன் இருக்கும் அறைக்குள் விடுமுறையில் யாரும் தனியாகப் போகக் கூடாது. ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகப் பெருகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றில் சாதாரணமாக 20.9 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். மூச்சு முட்டுவதுபோன்ற உணர்வுகூட வராமல் ஆள் மயங்கி விழுந்துவிடுவார். காப்பாற்றப் பதறி ஓடுபவரும் பக்கத்திலேயே விழுவார். ஆக்சிஜன் அளவுகாட்டி 19.5 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் உள்ளே போகாமல் வெளியே நின்று உதவிக்கு அழைப்பது என்பதை இருவரும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும்.

இனி நிறுத்த வேண்டியவை. விடுமுறையில் தானாக ஓடட்டும் என்று எந்த வேதிவினையையும் சூடேற்றியையும் விட்டுப் போகக் கூடாது. குளிர்விப்பானில் மாட்டிய தண்ணீர்க் குழாய் ஒரு ராத்திரி கழன்றாலே கீழ்த் தளம் வரை நனைந்துவிடும். மூன்று வாரம் கழன்று கிடந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. எரிவாயு சிலிண்டர்களில் ரெகுலேட்டரைத் திருகினால் போதாது. சிலிண்டரின் தலை வால்வையே மூடிக் குழாயில் மிச்சமிருக்கும் அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

டைஎத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான் போன்ற கரைப்பான்கள் காற்றுப் பட்டு நாளாக ஆக வெடிக்கக்கூடிய பெராக்சைடுகளை உண்டாக்கும். திறந்த தேதி எழுதாத புட்டி, நீண்ட நாள் கிடந்த புட்டி எல்லாவற்றையும் ஆய்வகப் பொறுப்பாளரிடம் காட்டி, முறைப்படி கழிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூடியைச் சுற்றி உப்புப் படிந்ததுபோல் படிகம் தெரிந்தால் திறக்கவோ நகர்த்தவோ கூடாது. அறையைப் பூட்டிவிட்டுப் பாதுகாப்பு அலுவலரை அழையுங்கள்.

விடுமுறையில் ஆய்வகத்துக்கு வர மாணவர்களுக்கு அனுமதி தரலாமா என்ற கேள்வியும் உங்களிடம்தான் வரும். என் பதில் கண்டிப்பானது. கணினியில் எழுதவும் தரவுகளைப் பார்க்கவும் வரட்டும். தீப்பற்றும் பொருளோடும் நச்சோடும் செய்யும் வேலை வேண்டாம். 2008 டிசம்பர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் குளிர்கால விடுமுறையில் இருந்தபோது, 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் காற்றுப் பட்டாலே தீப்பற்றும் டெர்ட்-பியூட்டைல்லித்தியத்தைச் சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். சிரிஞ்சின் தண்டு வெளியே வந்துவிட்டது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. உடுத்தியிருந்த ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. 18 நாள் போராடி இறந்துபோனார். வழிகாட்டுபவர்களும் தெரிந்த கைகளும் குறைந்துபோகும் நாட்களில் ஒரு சின்ன தவறும் பெரிய விபத்தாகிவிடுகிறது. அந்த இளம்பெண்ணை நினைத்துத்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அலுவலக அறைகளில் வேலை குறைவு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டியிருந்தால் கழற்றுங்கள். சார்ஜர், கெட்டில், மேசை விசிறி எல்லாவற்றையும் பிளக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். கை கழுவும் தொட்டிகளிலும் தரையில் உள்ள வடிகால் துளைகளிலும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போங்கள். வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை மேலே வராமல் தடுக்கிறது. அது காய்ந்தால் திரும்பி வரும்போது மாடி முழுக்க நாறும். இன்னொன்று: விடுமுறை நேரத்தில் துறைத் தலைவர் பெயரில் 'அவசரம், பரிசுக் கூப்பன் வாங்கி அதன் எண்ணை அனுப்புங்கள்' என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி. பதில் எழுதாமல் அவரையே தொலைபேசியில் கேளுங்கள்.

வீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். முதலில், ஆய்வகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். லேப் கோட்டைக் குடும்பத்துத் துணிகளோடு துவைப்பது, சுத்தம் செய்ய நல்லது என்று அமிலத்தையோ கரைப்பானையோ தண்ணீர் புட்டியில் ஊற்றிக் கொண்டுபோவது இரண்டுமே கூடாது. தண்ணீர் புட்டியில் இருப்பதைக் குழந்தை தண்ணீர் என்றுதான் குடிக்கும்.

லேப்டாப், பவர் பேங்க், மின்சார ஸ்கூட்டர் பேட்டரி ஆகியவற்றைத் தூங்கும் நேரத்தில் சார்ஜில் போடாதீர்கள். வெளியே ஓட வேண்டிய வாசல் பக்கம் எப்போதுமே வேண்டாம். உப்பிய பேட்டரியை அதன் பிறகு ஒருமுறைகூட சார்ஜ் செய்யக் கூடாது. குளிர்காலமென்றால் ஹீட்டரைத் திரைச்சீலை, மெத்தையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்துச் சுவர் பிளக்கில் நேரடியாக மாட்டுங்கள். மழைக்கால மின்வெட்டுக்கு ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதை வீட்டுக்கு வெளியே, சன்னலை விட்டுத் தள்ளி மட்டுமே ஓட்டுங்கள். கரி அடுப்பைக் கதகதப்புக்காக அறைக்குள் கொண்டுவரவே கூடாது. இந்த இரண்டிலிருந்தும் வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் சாப்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன் எல்லோரையும் வெளியே கூட்டி வந்துவிடுங்கள். வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும், வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

திரும்பி வரும் நாளையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். குழாய்களில் மூன்று வாரம் தேங்கிய தண்ணீர் 20 முதல் 45 டிகிரி வெப்பத்தில் இருந்தால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா அதில் பெருகலாம். அது கலந்த நுண்துளிகளை மூச்சில் இழுப்பவருக்குக் கடுமையான நிமோனியா வரக்கூடும். விடுமுறையிலும் பணியில் இருக்கும் ஒருவரை வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் திறந்து ஓடவிடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் திறக்கும் நாளில் மற்றவர்கள் வருவதற்கு முன்பே சன்னல்களைத் திறந்து வைத்து, ஒவ்வொரு குழாயையும் தண்ணீர் தெறிக்காதபடி மெதுவாகத் திறந்து சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். கண் கழுவும் கருவியையும் அவசர ஷவரையும் மறக்க வேண்டாம். கதவைத் திறந்ததும் எரிவாயு வாடை அடித்தால் விளக்கைக்கூடப் போடாதீர்கள். கதவை அப்படியே விட்டுவிட்டுக் கட்டடத்துக்கு வெளியே வந்த பிறகு கைப்பேசியை எடுத்து அழையுங்கள்.